விற்றலும் மறுத்தலும் தாழ்த்தலும்: பிரித்தானியக் குடிமக்களின் துணைவர்க்கு விதிக்கப்பட்ட காலமும் கட்டணமும்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர், அப்பிரிவுக்குக் கால எல்லையும் வகுத்துள்ளார். கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டைக் கடத்தல் ஆகாது. வேந்தன் ஏவிய வினைமேற் செல்லும் பிரிவு ஓராண்டின் உள்ளே முடிதல் வேண்டும் என்பது கற்பியல் காட்டும் வரையறை. பிரிவை வாழ்வின் ஒரு கூறாக ஏற்றுக்கொண்ட மரபே, எல்லையற்ற பிரிவை ஏற்கவில்லை என்பது நோக்கத்தக்கது. வேந்தனின் தேவையாயினும் அதற்கும் ஓர் அளவு உண்டு.

மேற்றிசையிலும் வேந்தனுக்கு அளவு விதித்த ஆவணம் ஒன்றுண்டு. 1215ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஜான், தம் பிரபுக்களின் நெருக்குதலால் இசைவளித்த மாக்னா கார்ட்டா என்னும் பெருஞ்சாசனத்தின் 40ஆம் கூறு, உரிமையையும் நீதியையும் எவருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, தாழ்த்துவதில்லை என மூன்று உறுதிகளை வழங்கியது. 1297ஆம் ஆண்டுச் சட்டத்தில் 29ஆம் பிரிவின் பகுதியாக இடம்பெற்ற அவ்வாசகம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதே நாட்டின் குடிமக்கள், பிறநாட்டில் பிறந்த தம் கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள முற்பட்டபோது நேர்ந்தது என்ன என்பதை அம்மூன்று சொற்களைக் கொண்டே அளந்து காணலாம். கடந்த அறுபது ஆண்டுகளின் வரலாறு முதலில் தாழ்த்தலாகவும், பின்னர் மறுத்தலாகவும், இறுதியில் விற்றலாகவும் அமைந்தது.

மணமே குடியுரிமையாய் நின்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினா எழவே இல்லை. பிரித்தானியக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண், மணந்த அப்பொழுதே பிரித்தானியக் குடியாவாள் என 1844ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அவளுக்கு விண்ணப்பமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இதனைப் பெண்ணுக்கு அளித்த பெருமை எனக் கொள்ளலாகாது. மனைவிக்குத் தனி நிலை இல்லை என்ற கருத்திலிருந்தே அச்சலுகை பிறந்தது. அதன் மறுபக்கத்தை 1870ஆம் ஆண்டுச் சட்டம் காட்டியது. அயல்நாட்டவனை மணந்த பிரித்தானியப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். பிறந்த மண்ணிலேயே அவள் அந்நியளானாள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1949 சனவரி முதல் இந்நிலையை மாற்றியது. பெண்ணின் குடியுரிமை மணத்தால் தோன்றவோ அழியவோ வேண்டியதில்லை என்றாயிற்று. எனினும், குடிமகனின் மனைவி பதிவு செய்துகொண்டு குடியுரிமை பெறும் உரிமை காக்கப்பட்டது. குடிமகளின் கணவனுக்கு அத்தகைய உரிமை அளிக்கப்படவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு பின்னாளில் எவ்வாறு 'சமன்' செய்யப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

தாழ்த்தல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய ஆலைகளும் மருத்துவமனைகளும் போக்குவரத்துத் துறையும் ஆள் வேண்டி நின்றன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் சென்றனர். 1962ஆம் ஆண்டுப் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் அவ்வருகையைக் கட்டுப்படுத்தியது. ஆயினும், அங்கு வாழ்வோரின் மனைவியரும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் நுழையும் உரிமையை அச்சட்டம் பறிக்கவில்லை.

உரிமையை நீக்காமலே அதனைப் பயனற்றதாக்கும் வழி 1969இல் கண்டறியப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் புறப்படுமுன்னர்த் தம் நாட்டிலுள்ள பிரித்தானிய அலுவலகத்தில் நுழைவுச் சான்று பெற்றாக வேண்டும் என அவ்வாண்டு மே மாதம் முதல் விதிக்கப்பட்டது. விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் முடிந்த ஆய்வு, டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் பம்பாயிலும் நீண்ட வரிசையாயிற்று. முதல் நேர்காணலுக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வழக்கமாயிற்று. திருமணப் பதிவோ பிறப்புப் பதிவோ இல்லாத சிற்றூர்களிலிருந்து வந்த பெண்களிடம், ஊரிலுள்ள வீடுகளின் அமைப்பையும் உறவினரின் வயதையும் கேட்டு, கணவன் இலண்டனில் அளித்த விடையோடு ஒப்பிட்டனர். விடைகள் சிறிது வேறுபட்டாலும் உறவே பொய்யென முடிவு செய்யப்பட்டது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த மரபணுச் சோதனை, 1985இல் கானா நாட்டுச் சிறுவன் ஒருவனின் குடிவரவு வழக்கில் முதன்முதலாகப் பயன்பட்டது. பொய்யெனத் தள்ளப்பட்ட உறவுகள் பல மெய்யென்று அதன்பின் அறிவியலால் நிறுவப்பட்டன. ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தச் சோதனையாலும் இயலவில்லை.

வரிசையின் நீளம் தன்னளவில் தீங்கற்றது போலத் தோன்றலாம். அது எத்தகைய இழிவுக்கு இட்டுச் சென்றது என்பதை 1979 சனவரியில் ஹீத்ரு விமான நிலையத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சி உலகறியச் செய்தது. மணம் நிச்சயிக்கப்பட்டு வரும் பெண்ணுக்கு அந்நாளில் முன்கூட்டிய சான்று தேவையில்லை. மனைவிக்கோ அது தேவை. இந்தியாவிலிருந்து மணமகளாக வந்திறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவர், ஏற்கெனவே மணமானவராயிருந்தும் வரிசையைத் தவிர்க்க வந்தவரோ என அதிகாரிகள் ஐயுற்றனர். அவ்வையத்தைத் தீர்க்கக் கன்னிமைச் சோதனை நடத்தினர். 'கார்டியன்' நாளிதழ் இதனை வெளிப்படுத்தியதும் எழுந்த கண்டனத்தால் அச்சோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலுள்ள பிரித்தானிய அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்கள் இச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான மரினெல்லா மார்மோவும் எவன் சுமித்தும் ஆவணக் காப்பகக் கோப்புகளிலிருந்து 2011இல் வெளிக்கொணர்ந்தனர். நேர்மையான நேரத்தில் சான்று கிடைத்திருக்குமாயின், வரிசையைத் தவிர்க்கும் பெண் என்ற ஐயமே எழுந்திராது.

நீதிமன்றம் இக்காத்திருப்பை ஒருமுறை நேர்நின்று நோக்கியது. 1975இல் முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பன்சோப்கர் வழக்கு, குடிமகன் ஒருவரின் மனைவியைப் பற்றியது. சட்டப்படி அவருக்கு உள்ளே வாழும் உரிமை இருந்தது. அதனை உறுதிப்படுத்தும் சான்று மட்டுமே இல்லை. பம்பாய்க்குத் திரும்பிச் சென்று ஓராண்டுக்கும் மேற்பட்ட வரிசையில் நின்று அதனைப் பெறுக என்றது உள்துறை அமைச்சு. அவ்வாறு திருப்பி அனுப்புதல் தகாது, விண்ணப்பத்தை இங்கேயே ஆராய வேண்டும் என்றனர் டென்னிங் பிரபுவும் உடனமர்ந்த நீதியரசர்களும். நீதியரசர் ஸ்கார்மன், மாக்னா கார்ட்டாவின் பழைய உறுதியை நினைவூட்டி, உரிமையைத் தாழ்த்துதலும் உரிமையை மறுத்தலைப் போன்றதே என உணர்த்தினார். குடும்ப வாழ்வை மதிக்கக் கூறும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவையும் அவர் துணைக்கொண்டார். ஏழரை நூற்றாண்டுக்கும் முன் பிரபுக்கள் தமக்கெனப் பெற்ற வாசகம், பம்பாயிலிருந்து வந்த ஒரு குடும்பத் தலைவிக்கு அன்று அரணாயிற்று.

மறுத்தல்

மனைவியர் வரிசையில் நிறுத்தப்பட்ட அதே காலத்தில் கணவர்களுக்குக் கதவே அடைக்கப்பட்டது. பிரித்தானியாவில் வாழும் பெண்ணை மணந்த பொதுநலவாய நாட்டு ஆடவன் அவளுடன் சேர்வதை, தனிப்பட்ட இன்னல் உள்ள நிலையிலன்றி அனுமதிப்பதில்லை என 1969 சனவரியில் விதி செய்யப்பட்டது. கணவன் இருக்குமிடமே மனைவிக்கு வீடு என்ற பழைய எண்ணமே இதற்கு அடிப்படை. பெண்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக 1974இல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அத்தடையை நீக்கினார். ஆனால் 1980இல் அது வேறு வடிவில் திரும்பியது. மணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவில் குடியேறுதல் அன்று என்பது தெளிவாக வேண்டும் என்ற விதி எழுந்தது. 1983இல் அதனை நிறுவும் பொறுப்பு விண்ணப்பிப்பவன் மீதே சுமத்தப்பட்டது.

இவ்விதியின் விசித்திரம் கருதத்தக்கது. மணம் போலியானது என அதிகாரி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மணம் உண்மையானதாயினும், இருவரும் ஒருவரையொருவர் நேசிப்பவராயினும், நோக்கம் பற்றிய ஐயம் ஒன்றே மறுப்புக்குப் போதுமானது. மனைவியுடன் இலண்டனில் வாழ விரும்புகிறேன் என்று கணவன் சொன்னால், அச்சொல்லே அவனுக்கு எதிரான சான்றாயிற்று. பெற்றோர் நிச்சயிக்கும் மணங்கள் தனியே குறி வைக்கப்பட்டன. இந்தியத் துணைக்கண்டத்து மரபில் மணமகளே கணவன் வீடு செல்வாள். மாறாக மணமகன் மணமகளின் நாட்டுக்கு வருவானேன் என்று அதிகாரிகள் வினவினர். பிறருடைய மரபைத் தாம் அறிந்ததாகக் கொண்டு, அம்மரபினரையே அதனால் தண்டித்த முறை இது.

ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 1985 மே 28ஆம் நாள், அப்துலாசிஸ், கபாலெஸ், பால்கண்டாலி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஆணுக்கு மனைவியை அழைக்க எளிய வழி, பெண்ணுக்குக் கணவனை அழைக்கக் கடிய வழி என்பது பால் அடிப்படையிலான பாகுபாடு என்றது நீதிமன்றம். வென்றவர் பெண்கள். ஆனால் தீர்ப்பை நிறைவேற்றிய முறை எதிர்பாராதது. பெண்களுக்கு வழியை எளிதாக்குவதற்கு மாறாக, ஆண்களுக்கும் அதனைக் கடினமாக்கியது அரசு. முதன்மை நோக்க விதி அவ்வாண்டே மனைவியருக்கும் விரிக்கப்பட்டது. இதற்கு முன்னரும் இவ்வாறே நிகழ்ந்ததுண்டு. 1983 சனவரியில் நடைமுறைக்கு வந்த 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், குடிமகனின் மனைவிக்கிருந்த பதிவுரிமையைக் கணவனுக்கும் அளிப்பதை விடுத்து, இடைக்கால ஏற்பாட்டுடன் மனைவியிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. சமத்துவம் இருவகைப்படும்: இல்லாதவனுக்குக் கொடுத்துச் சமன் செய்தல் ஒன்று, இருப்பவனிடமிருந்து பறித்துச் சமன் செய்தல் மற்றொன்று. பிரித்தானிய அரசு இருமுறையும் இரண்டாவதையே தேர்ந்தது.

தமிழர் இவ்வரலாற்றில் பெருந்தொகையினராய்ப் புகுந்ததும் இக்காலத்திலேதான். 1983ஆம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பிரித்தானியாவில் புகலிடம் நாடினர். 1985 மே மாத இறுதியில் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடு ஒன்றின் மீது பிரித்தானியா இவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. அகதிகளாய்ச் சென்று பின்னாளில் குடியுரிமை பெற்றவர்கள், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மணந்த துணையை அழைக்க முற்பட்டபோது இவ்விதிகளையே எதிர்கொண்டனர்.

முதன்மை நோக்க விதி 1997 சூன் மாதம் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவால் நீக்கப்பட்டது. மறுத்தலின் காலம் அத்துடன் முடிந்ததெனப் பலர் மகிழ்ந்தனர்.

விற்றல்

அடுத்து வந்தது எண்களின் காலம். உள்நாட்டில் தங்கும் அனுமதியை நீட்டிக்க 2003 வரை கட்டணம் இல்லை. அவ்வாண்டு அது புகுத்தப்பட்டது. அரசு தன் செலவை ஈடுசெய்ய வாங்குவதே கட்டணம் என்பது பொது வழக்கு. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பைத் தளர்த்தி, விண்ணப்பிப்பவர் அடையும் நன்மையைக் கருதிச் செலவினும் மிகுதியாக வாங்க இடமளித்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் உறுதிப்படுத்தியது. நன்மைக்கு ஏற்ற கட்டணம் என்னும்போது அது விலையாகிவிடுகிறது. கணவனோடு வாழும் நன்மைக்கு எவ்வளவு விலை என்ற வினாவுக்கு எல்லையுள்ள விடை இருத்தற்கில்லை.

வெளிநாட்டிலிருந்து துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கட்டணம் 2017இல் 1,464 பவுண்டு. 2023 அக்டோபரில் 1,846 பவுண்டு. 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டு. 2015இல் குடிவரவாளர் மீது நலவாழ்வு மிகைவரி புதிதாக விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அது, 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரியில் 1,035 என ஏறியது. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல். நிலையான குடியிருப்புரிமைக்கு முன் காத்திருக்கும் காலமும் வளர்ந்தது: 2003க்கு முன் ஓராண்டு, பின் ஈராண்டு, 2012 சூலை முதல் ஐந்தாண்டு. காலம் நீண்டதால் இடையில் ஒருமுறை மீண்டும் விண்ணப்பிக்கவும் மீண்டும் செலுத்தவும் நேர்ந்தது. 2025 ஏப்ரல் கட்டணங்களின்படி முதல் விசா 1,938, அதற்குரிய மிகைவரி 3,105, நீட்டிப்பு 1,321, அதற்குரிய மிகைவரி 2,587.50, நிலையான குடியிருப்புரிமை 3,029 என ஒருவருக்கு ஆகும் தொகை 11,980.50 பவுண்டு. வழக்கறிஞர் செலவும் மொழித் தேர்வுச் செலவும் இதில் சேரா. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மிகைவரி திரும்பக் கிடைக்கும்; கட்டணம் திரும்பாது.

கட்டணத்தோடு வருமான வரம்பும் வந்தது. 2012 சூலையில், துணையை அழைக்கும் குடிமகனின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டாவது இருத்தல் வேண்டும் என்றனர். அது அந்நாளில் குறைந்தபட்ச ஊதியத்தில் முழு நேரம் உழைப்பவர் ஈட்டும் தொகையினும் மிகுதி. வரவிருக்கும் துணை அங்கு ஈட்டக்கூடிய ஊதியம் கணக்கில் கொள்ளப்படவில்லை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இவ்விதி பல்லாயிரம் தம்பதியர்க்கும் அவர்தம் மக்கட்கும் பேரின்னல் விளைப்பதை ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் நலனைப் போதிய அளவு கருதாமை குற்றம் என்றது. ஆயினும் வரம்பு கொள்கையளவில் சட்டத்துக்கு ஏற்புடையதே எனத் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் அவ்வரம்பு 29,000 பவுண்டாயிற்று. 38,700 வரை உயர்த்தும் திட்டம் அவ்வாண்டு ஆட்சி மாறியபின் நிறுத்தி வைக்கப்பட்டது.

இங்கேதான் மூன்று சொற்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 2022இல் உக்ரைன் போரினால் வந்த விண்ணப்பங்களைக் கவனிக்க அலுவலர் மாற்றப்பட்டனர். துணைவர் விசாவுக்கான கால அளவு 12 வாரத்திலிருந்து 24 வாரமாயிற்று. அகதிகளுக்கு முதலிடம் தந்ததைக் குறைகூற இயலாது. ஆனால் மற்றையோர் செலுத்திய கட்டணம் பாதியாகவில்லை. மேலும், முன்னுரிமைச் சேவை என்னும் ஏற்பாட்டின்படி மேலும் 500 பவுண்டு செலுத்துவோர் விரைந்து முடிவு பெறலாம். காலம் தாழ்த்துதலே ஒரு பண்டமாகி, அதிலிருந்து விடுபடுதலும் விற்பனைக்கு வந்தது. செலுத்த இயலாதவர் கட்டண விலக்குக் கோரலாம். ஆனால் தம் வறுமையை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். வருமானமும் போதிய அளவு இருக்க வேண்டும், வறுமையும் மெய்ப்பட வேண்டும் என்னும் இரு வாயில்களுக்கு இடையே பலர் நிற்க நேர்கிறது.

கட்டணத்தின் அளவை நீதிமன்றங்கள் தடுக்கவில்லை. குழந்தைகளைக் குடிமக்களாகப் பதிவதற்கு அரசுக்கு ஆகும் செலவு 372 பவுண்டு, வாங்கிய கட்டணம் 1,012 பவுண்டு என்று வெளிப்பட்ட வழக்கில், நாடாளுமன்றமே அவ்வதிகாரத்தை அளித்திருப்பதால் கட்டணம் சட்டப்படி செல்லும் என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பன்சோப்கர் வழக்கில் தாழ்த்தலுக்கு எதிராக எழுந்த குரல், விற்றலுக்கு எதிராக எழ வழியின்றிப் போயிற்று.

நேர்மையின் அளவுகோல்

அரசின் பக்கத்திலும் வாதம் இல்லாமல் இல்லை. குடிவரவு நிருவாகத்தின் செலவைப் பொதுமக்கள் அனைவரும் சுமப்பதினும் பயன் பெறுவோர் சுமப்பதே முறை என்பர். வருவோர் பொது உதவியை நாடாதிருக்க வருமான வரம்பு வேண்டும் என்பர். போலி மணங்கள் உண்டு என்பர். இவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பயன் பெறுபவர் யார் என்பதில்தான் பிழை தோன்றுகிறது. விண்ணப்பத்தின் ஒரு முனையில் அயல்நாட்டவர் இருப்பினும் மறுமுனையில் இருப்பவர் குடிமகன். அவர் வரி செலுத்துபவர். மருத்துவச் சேவைக்கும் அவ்வரியிலிருந்தே பணம் செல்கிறது. வந்து சேரும் துணையும் வேலை செய்யத் தொடங்கியதும் அதே வரியைச் செலுத்துகிறார். மிகைவரி அதற்கும் மேல். செலவை ஈடுசெய்தல் என்ற வாதம் செலவளவோடு நின்றிருக்குமாயின் அதனை மறுப்பதற்கில்லை. செலவைக் கடந்து செல்லும் பகுதிக்கு அவ்வாதம் பொருந்தாது.

வேறு வழி இயலாது என்பதும் உண்மையன்று. அதே நாட்டில், அதே காலத்தில், வேறு வழி நடைமுறையில் இருந்தது. 1992 சூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சுரிந்தர் சிங் வழக்கில், ஜெர்மனியில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரித்தானியப் பெண் ஒருவரின் இந்தியக் கணவர் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவார் எனத் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை, இடம் பெயரும் குடிமக்களின் குடும்பத்தாருக்கு விசா கட்டணமின்றியும் விரைந்தும் வழங்கப்பட வேண்டும் என்றது. இதனால் இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் தம் இந்திய மனைவியைக் கட்டணமின்றி அழைக்க, அடுத்த வீட்டுப் பிரித்தானியர் ஆயிரக்கணக்கில் செலுத்திக் காத்திருந்தார். சொந்த நாட்டில் அயலவர் போல நடத்தப்பட விரும்பிய பிரித்தானியர் சிலர், அயர்லாந்து முதலிய நாடுகளில் சிறிது காலம் வாழ்ந்து பணியாற்றி, ஐரோப்பியச் சட்டத்தின் வழியே துணையோடு திரும்பினர். 2020 இறுதியில் ஒன்றிய விதிகள் பிரித்தானியாவில் முடிவுற்றபின், இடைக்கால ஏற்பாடுகள் நீங்கலாக, அவ்வழியும் அடைபட்டது. கட்டணமின்மையும் விரைவும் கூடுமா என்ற வினாவுக்குப் பல ஆண்டுக்கால நடைமுறையே விடை அளித்திருந்தது.

குடிமகன் என்ற சொல்லின் பொருளே இதில் அடங்கியுள்ளது. ஒரு நாட்டில் வாழும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்கிறோம். தனித்து வாழும் உரிமை மட்டுமே அது என்றால், அவ்வுரிமை பாதி உரிமையே. துணையோடு வாழ விரும்பின் நாட்டை விட்டு வெளியேறுக என்பது, 1870ஆம் ஆண்டுச் சட்டம் பிறநாட்டவனை மணந்த பெண்ணுக்குச் செய்ததை வேறு வழியில் செய்வதாகும். அன்று சட்டம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று பெயரை நீக்குவதில்லை. வருமானக் கணக்கும் கட்டணச் சீட்டும் அப்பணியைச் செய்கின்றன. செல்வர்க்கு இவ்விதிகள் ஒரு தொல்லை. உழைத்து உண்போர்க்கு இவை பிரிவு.

விற்பதில்லை, மறுப்பதில்லை, தாழ்த்துவதில்லை என்ற மூன்றும் தனித்தனி உறுதிகள் போலத் தோன்றினும் ஒன்றையொன்று காப்பவை. ஒன்றைக் கைவிட்டால் மற்ற இரண்டும் அதன்வழியே நழுவுகின்றன. செலவைக் கடவாத கட்டணம், முன்னரே அறிவித்துத் தவறாது காக்கப்படும் காலவரை, தவறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு ஆகியவை பெரும் புரட்சிகள் அல்ல. பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று இலக்கணம் வகுத்தவனுக்குத் தெரிந்த அளவேனும், பிரித்து வைக்கும் அரசுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.